அடுத்த சுற்றில் என்ன விழும்?

சான் பிரான்சிஸ்கோ மதுக்கடைகளில் சார்லஸ் ஃபே வைத்த ‘ஸ்லாட் மெஷின்’ என்ற சூதாட்ட இயந்திரத்தில் ஒளிவுமறைவு குறைவு. பவேரியாவிலிருந்து பிழைக்க வந்த மெக்கானிக் அவர். 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவர் செய்த ‘லிபர்ட்டி பெல்’லில் மூன்று உருளைகள், ஒவ்வோர் உருளையிலும் 10 நிறுத்தங்கள். குதிரை லாடம், டைமன், இஸ்பேட், ஆர்ட்டின், விரிசல் விட்ட மணி என்று படங்கள். ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுக் கைப்பிடியை இழுத்தால் உருளைகள் சுழன்று ஒவ்வொன்றாக நிற்கும். மூன்று மணிகளும் வரிசையாக வந்தால் பத்து நாணயங்கள், அதாவது 50 சென்ட். பத்தைப் பத்தால் பெருக்கி, மறுபடியும் பத்தால் பெருக்கினால் 1,000. மொத்தச் சேர்க்கைகளே அவ்வளவுதான். பென்சிலும் பொறுமையும் உள்ளவர் படங்களை எண்ணிப் பார்த்தே தன் வாய்ப்பு என்ன என்று கணக்குப் போட்டுவிடலாம்.

ஃபேக்கு முன்பே, 1891-ல், நியூயார்க் புரூக்ளினில் சிட்மன், பிட் என்ற இருவரின் நிறுவனம் ஐந்து உருளைகளில் சீட்டுப் படங்களை ஒட்டி ஒரு போக்கர் இயந்திரம் செய்திருந்தது. சீட்டுக்கட்டில் 52 சீட்டு உண்டு. உருளைகளில் இடமோ 50-க்குத்தான். வெளியே நின்றவை பெரும்பாலும் இஸ்பேட் பத்தும் ஆர்ட்டின் ஜாக்கும். ஒரே இனத்தில் பத்து, ஜாக், ராணி, ராஜா, ஏஸ் ஐந்தும் சேரும் ‘ராயல் ஃபிளஷ்’ அமைய நான்கு வழிகள் உண்டு. இந்த இரண்டு சீட்டுகள் போனதில் இரண்டு வழிகள் அடைபட்டன. பெரிய பரிசுக்கான வாய்ப்பு சரிபாதியானது. ஜெயித்தவருக்குக் கடைக்காரர் பீரோ சுருட்டோ கொடுப்பார். இல்லாத இரண்டு சீட்டுகளைத் தேடிப் பார்த்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஸ்லாட் மெஷினைக் கணிக்க முடியுமா என்று கேட்கும்போது உண்மையில் இரண்டு கேள்விகளைக் கேட்கிறோம். பத்தாயிரம், லட்சம் ஆட்டங்களில் போட்ட பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பது ஒன்று. அடுத்த இழுப்பில் என்ன விழும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான விடை இயந்திரத்தைச் செய்தவர் கையில் எப்போதும் இருந்தது. இரண்டாவது கேள்விக்கும் இந்த நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் சிலர் உண்மையாகவே விடை கண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் ராசியோ உள்ளுணர்வோ கைகொடுக்கவில்லை. இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு மட்டுமே அடுத்த இழுப்பு தெரிந்தது.

பழைய இயந்திரத்தின் வயிற்றில் இருந்தது சுருள்வில்லும் பல்சக்கரமும். கைப்பிடியை இழுக்கும்போது வில் இறுகும். விட்டதும் மூன்று உருளைகளுக்கும் ஒரே உதை கிடைக்கும். கூடவே ‘கிளாக்’ என்று மெக்கானிக்குகள் அழைத்த பல்சக்கரத் தொகுதியும் ஓடத் தொடங்கும். அதன் நுனியில் சுழலும் சிறிய விசிறித் தகடு காற்றைத் தள்ளி வேகத்தை மட்டுப்படுத்தும். அது ஓடி முடிவதற்குள் மூன்று இரும்பு விரல்கள் ஒவ்வொன்றாக இறங்கி, உருளைப் பக்கத்துத் தட்டின் பள்ளங்களில் விழுந்து உருளையை நிறுத்தும். பிறகு வேறு சில விரல்கள் தட்டுகளின் ஓட்டைகளைத் தடவிப் பார்க்கும். மூன்றிலும் ஓட்டை நேராக அமைந்தால் நாணயத் தட்டு நகரும். சிகாகோவின் மில்ஸ் நிறுவனம் இந்த வகை இயந்திரங்களை நாடெங்கும் பரப்பியது. உருளைக்கு 20 நிறுத்தங்கள் வழக்கமாக, சேர்க்கைகள் 8,000 ஆயின.

நல்ல பட்டறையில் செய்த கடிகாரம் நேரம் தவறாது. இந்த இயந்திரங்களின் பலவீனமும் அதுவே. ஒவ்வோர் ஆட்டத்திலும் அதே உதை, ஏறக்குறைய அதே வேகம், அதே நேரம். உருளை எங்கே நிற்கிறது என்று தெரிந்து, எந்தக் கணத்தில் இழுக்க வேண்டும் என்பதும் பழகிவிட்டால், அடுத்து எங்கே நிற்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். 1940களின் இறுதியில் நெவாடாவில் இதைக் கையில் பிடித்தவர்கள் கிளம்பினார்கள். ‘ரிதம் பிளேயர்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர். சூதாட்டத்தின் தில்லுமுல்லுகளை நுணுக்கமாக எழுதிய ஜான் ஸ்கார்ன் இவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கம்பி விடவில்லை, துளை போடவில்லை. வந்து நின்று, மனதுக்குள் எண்ணி, சரியான நொடியில் கைப்பிடியை இழுத்தார்கள். அவர்கள் செய்த குற்றம் கூர்ந்து கவனித்தது மட்டும்தான் என்பதால் இந்த வரலாற்றிலேயே மிக நேர்மையான வெற்றி அவர்களுடையது என்று சொல்லத் தோன்றுகிறது.

தயாரிப்பாளர்கள் விடை தேட அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. கிளாக்கின் ஓட்டத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றும் ஒரு பாகத்தைக் கூடுதலாகப் பொருத்தினார்கள். ரிதம் காலம் முடிந்தது. பின்னால் நடந்த ஒவ்வொரு மோதலுக்கும் இதே வடிவம்தான். யாரோ ஒருவர் உள்ளே எட்டிப் பார்ப்பார். கதவு இன்னும் இறுக்கமாகச் சாத்தப்படும். எட்டிப் பார்க்காத சாதாரண ஆட்டக்காரருக்கும் சேர்த்தே அது சாத்தப்படும்.

1960களின் தொடக்கத்தில் பாலி நிறுவனத்தின் ‘மனி ஹனி’ வந்தது. உருளைகளை மின்சாரம் இயக்கியது. நாணயத் தொட்டி பெரிதானதால் ஒரே மூச்சில் 500 நாணயங்களைக் கொட்ட முடிந்தது. கைப்பிடி இருந்தாலும் அதற்கு வேலை குறைந்துவிட்டது. பின்னால் வந்த எத்தர்கள் பலர் கணிப்பதை விட்டுத் திருட்டுக்கு மாறினார்கள். ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து டிவி ரிப்பேர்காரர் டாமி கார்மைக்கேல் அவர்களில் பேர்போனவர். இயந்திரம் தான் கொடுக்கும் நாணயங்களை எண்ணுவதற்கு ஓர் ஒளி உணரியை நம்பியிருந்தது. கார்மைக்கேல் நாணயம் விழும் துவாரம் வழியாகச் சின்னஞ்சிறு விளக்கை உள்ளே செலுத்தி அந்த உணரியின் கண்ணைக் கூசச் செய்தார். எத்தனை கொடுத்தோம் என்று தெரியாமல் இயந்திரம் கொட்டிக்கொண்டே இருந்தது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அடுத்த சுற்றில் என்ன விழும் என்பது கார்மைக்கேலுக்கும் தெரியாது.

பெரிய மாற்றம் சிப்போடு வந்தது. உருளை எங்கே நிற்கும் என்பதை இனி வில்லும் உராய்வும் தீர்மானிக்கவில்லை. உள்ளே ஒரு நிரல் எண்களைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தும் கணத்தில் எந்த எண் கையில் இருக்கிறதோ அதுதான் முடிவு. உருளைகள் சுழல்வதெல்லாம் முடிவு தெரிந்த பிறகு நடக்கும் காட்சி.

நிரல் எப்படிச் சமவாய்ப்பு எண்ணைப் பிறப்பிக்கும்? கணினிக்குத் தானாகக் குருட்டாம்போக்கில் யோசிக்கத் தெரியாது. அதற்கு ஒரு விதி வேண்டும். எளிய விதி ஒன்றைப் பார்க்கலாம். ஓர் எண்ணை 5-ஆல் பெருக்கி, 3-ஐக் கூட்டி, 16-ஆல் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 7-இல் தொடங்கினால் 38 வரும். 16-ஆல் வகுத்தால் மீதி 6. அதிலிருந்து 1, பிறகு 8, பிறகு 11, பிறகு 10. வெளியிலிருந்து பார்த்தால் 7, 6, 1, 8, 11, 10 என்ற வரிசையில் ஓர் ஒழுங்கும் இல்லை. விதி தெரிந்தவருக்கோ எல்லாமே ஒழுங்கு. 8-ஐப் பார்த்தால் அடுத்தது 11 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். 16 படிகளுக்குப் பிறகு மறுபடியும் 7 வந்தே தீரும். உண்மையான இயந்திரங்களில் எண்கள் பிரம்மாண்டமானவை; சுற்று முடிந்து முதல் எண் திரும்ப வர நெடுங்காலம் ஆகும். இருந்தாலும் பழைய இயந்திரங்கள் பலவற்றின் அடித்தளம் இத்தகைய விதிதான். விதியும் தொடக்க எண்ணும் தெரிந்தால் எதிர்காலம் தெரியும்.

1994-ல் மான்ட்ரியல் கேசினோவில் ஒருவர், விழப்போகும் எண்களை முன்கூட்டிச் சொல்லும் கீனோ ஆட்டத்தில் 20 எண்களில் 19-ஐச் சரியாகச் சொன்னார். அடுத்தடுத்து மூன்று முறை சொன்னார். பரிசு 6,20,000 கனடிய டாலர். கணினியை வைத்து எண்களில் ஒரு போக்கைக் கண்டுபிடித்ததாக அவர் சொன்னார். விசாரணையில் வெளிப்பட்ட உண்மை இன்னும் எளிமையானது. அந்தக் கீனோ இயந்திரம் தினமும் காலையில் ஒரே தொடக்க எண்ணிலிருந்துதான் கிளம்பியது. அதனால் நேற்றைய வரிசையே இன்றும் வந்தது. அவர்மேல் தவறில்லை என்று தெரிந்ததும் பணம் முழுவதும் கொடுக்கப்பட்டது.

அடுத்த ஆண்டு அட்லாண்டிக் சிட்டியில் நடந்ததோ வேறு ரகம். 1995 ஜனவரியில் பாலிஸ் பார்க் பிளேஸ் கேசினோவில் ஒருவர் கீனோவில் எட்டுக்கு எட்டும் சரியாகச் சொல்லி 1,00,000 டாலர் ஜெயித்தார். ஜெயித்தவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. பணமாகவே வேண்டும் என்றார். அடையாள அட்டையும் இல்லை. சந்தேகப்பட்டு அவர் தங்கிய ஹோட்டல் அறைக்குப் போனவர்கள் அங்கே ரோனால்ட் டேல் ஹாரிஸைக் கண்டார்கள். நெவாடா மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிரலாளராக இருந்தவர் ஹாரிஸ். இயந்திரங்களின் நிரல் யோக்கியமாக இருக்கிறதா என்று சோதிப்பதுதான் அவருடைய சம்பள வேலை. அந்த வேலையின் வழியே கீனோவின் எண் விதி அவருக்குத் தெரிந்திருந்தது. கூடவே நெவாடாவில் சில ஸ்லாட் மெஷின்களின் சிப்புகளில் அவர் தன் கைவரிசையைக் காட்டியிருந்ததும் தெரியவந்தது. குறிப்பிட்ட வரிசையில் நாணயங்களைப் போட்டால் அந்த இயந்திரம் பரிசு தரும். சிறைத் தண்டனையோடு, நெவாடா கேசினோக்களுக்குள் கால் வைக்கக் கூடாதவர்களின் ‘கறுப்புப் புத்தக’த்திலும் அவர் பெயர் ஏறியது.

காவலாளியே திருடினான் என்று இதைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. ஆட்டக்காரர்கள் பல்லாண்டுகள் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தேடிய விடை, நிரலைப் படிக்கும் உரிமை பெற்றிருந்த ஓர் அலுவலர் மேசையில் கிடந்தது.

கணிப்பின் உச்சம் 2014-ல் வெளிப்பட்டது. ஜூன் மாதத் தொடக்கத்தில் மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள லூமியர் பிளேஸ் கேசினோவின் கணக்கர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்தார்கள். சில இயந்திரங்கள் ஓரிரு நாட்கள் வாங்கியதைவிட அதிகமாகக் கொடுத்திருந்தன. இத்தனைக்கும் பெரிய ஜாக்பாட் எதுவும் விழவில்லை. கண்காணிப்புக் கேமரா பதிவுகளைத் தேடினால் ஓர் ஆள் கிடைத்தான். ஆஸ்திரேலியாவின் அரிஸ்டோக்ராட் நிறுவனம் செய்த பழைய ‘மார்க் 6’ ரக இயந்திரங்களில் மட்டுமே உட்காருவான். ஒரு கையில் போன். அதைத் திரைக்கு அருகில் பிடித்துக்கொண்டு சில ஆட்டங்கள் ஆடுவான். எழுந்து போய்விடுவான். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வருவான். அப்போது அவன் விரல் பொத்தான் மீது தயங்கித் தயங்கி மிதக்கும், சட்டென்று அழுத்தும். 20 முதல் 60 டாலர் வரை போட்டுத் தொடங்கியவன் 1,300 டாலர் வரை எடுத்துக்கொண்டு அடுத்த இயந்திரத்துக்குப் போவான். இரண்டு நாளில் 21,000 டாலருக்கு மேல் சேர்ந்தது.

பின்னணி ரஷ்யாவில் இருந்தது. 2009-ல் ரஷ்யா தன் நாட்டின் பெரும்பகுதியில் கேசினோக்களை மூடியபோது ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் அடிமாட்டு விலைக்கு விற்பனைக்கு வந்தன. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு கும்பல் அவற்றைப் பிரித்துப்போட்டு நிரலைப் படித்தது. எண் பிறக்கும் விதி பிடிபட்டது. இனித் தெரிய வேண்டியது, உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் உள்ள ஒரு குறிப்பிட்ட இயந்திரம் அந்த நீண்ட வரிசையில் இப்போது எந்த இடத்தில் நிற்கிறது என்பது ஒன்றே. அதற்காகத்தான் போன். சுமார் இரண்டு டஜன் ஆட்டங்களின் வீடியோ போய்ச் சேர்ந்ததும் அங்கிருந்து கணக்குப் போட்டு நேரக் குறிகளை அனுப்புவார்கள். அழுத்த வேண்டிய கணத்துக்குக் கால் நொடி முன்னதாக போன் அதிரும். அதிர்வை உணர்ந்து விரல் இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பலிக்காது. ஆனால் கேசினோவின் பங்கைக் கரைக்கப் போதுமான அளவுக்குப் பலித்தது.

இதற்கு முன்பே, 2011-ல், ஆஸ்திரியாவின் நோவோமேட்டிக் நிறுவனம் தன் வாடிக்கையாளர்களை எச்சரித்திருந்தது. ஆட்டங்களை நீண்ட நேரம் உற்றுப் பார்த்துப் பதிவு செய்தால் ஒரு போக்கு தெரியக்கூடும் என்று அதுவே ஒப்புக்கொண்டது. 2014 டிசம்பரில் செயின்ட் லூயிஸில் ஆடிய அந்த ஆளும் அவன் கூட்டாளிகளும் பிடிபட்டார்கள். மூவருக்குத் தலா இரண்டு ஆண்டு சிறை. 2016 மே மாதம் இதே உத்தியோடு ஐரோப்பாவிலிருந்து சிங்கப்பூர் வந்தவர்களும் மாட்டினார்கள். 22 மாதம் முதல் 45 மாதம் வரை தண்டனை கிடைத்தது. ரிதம் பிளேயர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே அறுபது ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. இரு தரப்பும் செய்தது ஏறக்குறைய ஒன்றே: நேரம் தவறாத ஒரு பொறியைப் புரிந்துகொண்டு, சரியான கணத்தில் கையை இறக்கினார்கள். புதிய இயந்திரங்களில் வலுவான குறியாக்க முறைகள் வந்துவிட்டன. ஆட்டம் நடக்காத நேரத்திலும் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. போனை வைத்து அவற்றை இப்படிப் பிடிக்க முடியாது.

எண்கள் இப்படி ஓடுவதைப் புரிந்துகொண்டால், கேசினோக்களில் நாள்தோறும் கேட்கும் ஒரு புலம்பலுக்கும் விடை கிடைக்கும். இரண்டு மணி நேரம் ஆடித் தோற்று எழுந்தவருடைய இருக்கையில் வேறொருவர் வந்து அமர்ந்து, முதல் ஆட்டத்திலேயே ஜாக்பாட் அடிக்கிறார். எழுந்து போனவர் தன் பணத்தை அவர் அள்ளிப் போனதாகவே நினைக்கிறார். அது உண்மையில்லை. எண்கள் நொடிக்குப் பல நூறு, பல ஆயிரம் என்று மாறிக்கொண்டிருக்கும் இடத்தில், அவர் எழாமல் இருந்திருந்தாலும் அதே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் பொத்தானை அழுத்தியிருப்பார் என்பதற்கு அநேகமாக வாய்ப்பே இல்லை. அந்த ஜாக்பாட் ஒருபோதும் அவருக்காகக் காத்திருக்கவில்லை. ரொம்ப நேரமாகக் கொடுக்காத இயந்திரம் இனிக் கொடுத்தாக வேண்டும் என்ற நம்பிக்கையும் இப்படித்தான். ஒவ்வோர் ஆட்டமும் முந்தியதை மறந்துவிட்டுத் தொடங்குகிறது.

சட்டம் மீறாமல் கணிக்க வழி திறந்த தருணங்களும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் டபிள்யூ.எம்.எஸ். நிறுவனத்தின் ‘பிகி பேங்கின்’ இயந்திரத்தில் ஓர் உண்டியல் பன்றி இருந்தது. மூன்று உருளைகளும் வெற்றிடத்தில் நின்றால் உண்டியலில் ஒரு நாணயம் சேரும். பிறகு உடைக்கும் படம் விழுந்தால் சேர்ந்தது முழுவதும் ஆடுகிறவருக்கு. முந்தைய ஆட்டக்காரர்கள் நிரப்பிவிட்டு எழுந்துபோன உண்டியலைத் தேடிச் சிலர் கூடம் முழுக்க நடந்தார்கள். உண்டியல் கனத்திருந்தால் ஆடினார்கள், இல்லாவிட்டால் நகர்ந்தார்கள். கணக்கு அவர்கள் பக்கம் இருந்தது. இயந்திரம் தன் நிலைமையைத் திரையில் வெளிப்படையாகக் காட்டியதால்தான் இது சாத்தியமானது.

பொதுவாக இயந்திரம் எதையும் காட்டுவதில்லை. அதற்கு அடிகோலியவர் இங்கெ டெல்னாஸ் என்பவர். 1984-ல் அவருக்குக் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை, கண்ணுக்குத் தெரியும் உருளைக்கும் வாய்ப்புக்கும் இருந்த உறவை அறுத்தது. உருளையில் 22 நிறுத்தங்கள் இருந்தால், பார்ப்பவர் போடும் கணக்கில் மூன்று உருளைகளுக்கும் சேர்த்து 10,648 சேர்க்கைகள் வரும். உள்ளே நிரலில் இருப்பதோ 64 நிறுத்தங்கள் கொண்ட இன்னோர் உருளை. சாதாரண வெற்றிடம் ஒன்றுக்கு அந்த 64-இல் பல எண்கள் சொந்தம். ஜாக்பாட் படத்துக்கு ஒன்றே ஒன்று. அப்போது ஜாக்பாட் 2,62,144 ஆட்டங்களில் ஒன்றாகிறது. 256 நிறுத்தங்கள் வைத்தால் 1,67,77,216-இல் ஒன்று. உண்மையில் இருப்பதைவிட அதிக வாய்ப்பு இருப்பதாக ஆட்டக்காரருக்குத் தோன்றுவது முக்கியம் என்று அந்தக் காப்புரிமை ஆவணம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஃபேயின் இயந்திரத்தில் பென்சிலோடு உட்கார்ந்தவருக்கு இருந்த ஒரே அனுகூலம் இதோடு போயிற்று.

பரிசுப் படத்துக்கு நேர் மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு அதிக எண்களை ஒதுக்கினால், படம் மயிரிழையில் தப்பியதுபோல அடிக்கடி தெரியும். ஜப்பானின் யுனிவர்சல் நிறுவனம் இதையே வேறு வழியில் செய்ததை 1989-ல் நெவாடா சூதாட்ட ஆணையம் தடை செய்தது: தோல்வி என்று முடிவான பிறகு, ஜெயிக்க இருந்தது போன்ற ஒரு காட்சியைத் தேடி எடுத்து உருளைகளில் நிறுத்துவது. டெல்னாஸ் முறை மட்டும் தப்பிவிட்டது. காட்சி ஒன்றாக இருக்கும்போது, அதை உண்டாக்கும் வழியைப் பார்த்து ஒன்றை ஏமாற்று என்றும் மற்றதை விளையாட்டு என்றும் பிரித்தது நியாயமாகப் படவில்லை.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் ஹாரிகனும் மைக் டிக்சனும் தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தி, ஒன்டாரியோவில் ஓடிய இயந்திரங்களின் ‘பார் ஷீட்’ எனப்படும் கணக்குத் தாள்களைப் பெற்று 2009-ல் ஆய்வு வெளியிட்டார்கள். எந்த உருளையில் எந்தப் படத்துக்கு எத்தனை எண்கள், நூற்றுக்கு எவ்வளவு திரும்பும் என்பதெல்லாம் அவற்றில் அச்சாகியிருக்கும். ஒரே பெயர், ஒரே படங்கள், ஒரே இசை கொண்ட ஆட்டம் சுமார் 85 சதவீதம் திருப்பித் தரும் வடிவிலும் 96 சதவீதம் தரும் வடிவிலும் கிடைத்தது. பொத்தானை மணிக்கு 600 முறை, ஒவ்வொரு முறையும் ஒரு டாலருக்கு அழுத்துகிறவர் முதல் வடிவில் சராசரியாக 90 டாலர் இழப்பார், இரண்டாவதில் 24. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் அவரால் வேறுபாடு காண முடியாது. கேசினோவுக்கு அந்த எண் வாங்கும்போதே தெரியும். மாதக் கடைசியில் வரவும் அதை ஒட்டியே இருக்கும்.

நெவாடா சட்டம் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்கிறது; நியூஜெர்சி 83 என்கிறது. பிரிட்டனில் சராசரியாகத் திரும்பும் சதவீதத்தை ஆட்டக்காரர் அந்த இயந்திரத்திலேயே பார்க்கும்படி வைக்க வேண்டும். அடுத்த சுற்றைச் சொல்லும் ரகசியத்தை யாரும் கேட்கவில்லை. எதிரே உள்ள இயந்திரம் மணிக்கு 24 டாலர் வாங்கப் போகிறதா, 90 டாலர் வாங்கப் போகிறதா என்ற ஒரு வரியைக் கண்ணாடியில் எழுதிவைக்க நெவாடாவும் ஒன்டாரியோவும் சிங்கப்பூரும் ஒவ்வொரு கேசினோவையும் கட்டாயப்படுத்தலாம். அதற்கான எண் பார் ஷீட்டில் ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது.